சேலம், 1692: இடம் மாறிய பகை

நம் சேலமன்று, மாசசூசெட்ஸில் ஆங்கிலேயர் குடியேறிய சேலம். 1692-இல் அங்கே சூனியக் குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்டனர். இன்னொருவர் மார்மீது கற்கள் ஏற்றப்பட்டு இறந்தார். மூடநம்பிக்கை என்ற ஒற்றைச் சொல்லில் இதைக் கடந்துவிடுகிறோம். ஆனால் மூடநம்பிக்கை ஊருக்கெல்லாம் பொது. குறிப்பிட்ட ஒருவரை நோக்கி விரல் நீண்டது ஏன் என்பதை அது விளக்குவதில்லை.

ரெபெக்கா நர்ஸுக்கு அப்போது வயது 71. பக்தியும் நற்பெயரும் உடையவர். அவர்மீது பழி சுமத்தியோருள் முன்நின்றவர்கள் ஆன் புட்னமும், அதே பெயர் கொண்ட அவரது 12 வயது மகளும். ரெபெக்கா குற்றமற்றவர் என்றே நடுவர் குழு முதலில் சொன்னது. மறுபடி யோசிக்கச் சொன்னதும் தீர்ப்பு மாறியது. ஜூலை 19 அன்று அவரைத் தூக்கிலிட்டனர்.

பால் போயர், ஸ்டீபன் நிஸன்பாம் என்ற வரலாற்றாசிரியர்கள் 1974-இல் வெளியிட்ட நூலில் புட்னம் வீட்டுக்குள் நுழைந்து பார்க்கின்றனர். ஆனின் மாமனார் 1686-இல் இறந்தபோது, சொத்தில் சிறந்த பங்கு அவருடைய இரண்டாம் மனைவி மேரிக்கும் அவர் மகன் ஜோசப்புக்கும் போயிற்று. மூத்த தாரத்துப் பிள்ளைகள் உயிலை எதிர்த்துத் தோற்றனர். மேரிமீது காட்ட முடியாத அந்தப் பகை, அவரைப் போலவே முதியவரும் மதிப்புடையவருமான ரெபெக்காமீது இறங்கியது என்பது இவர்கள் வாசிப்பு. எல்லைப்புறப் போர் விளைத்த அச்சமே முதற்காரணம் என்று 2002-இல் மேரி பெத் நார்ட்டன் எழுதினார். அச்சம் தீயை மூட்டியிருக்கலாம். அது எந்த வீட்டைப் பற்றியது என்பதற்குப் பகையே விடை தருகிறதென எண்ணுகிறோம்.

மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளை அன்னா ஃப்ராய்ட் 1936-இல் தொகுத்தார். தன்னுள் ஒப்ப முடியாததைப் பிறரிடம் காண்பது அவற்றுள் ஒன்று. ‘நான் வெறுக்கிறேன்’ என்பது ‘அவள் என்னை வதைக்கிறாள்’ என்றானால், வெறுப்பவருக்குக் குற்றவுணர்வு இல்லை. ரெபெக்காவின் உருவம் தோன்றித் தம்மை வதைத்ததாகவே தாய் ஆன் சாட்சி சொன்னார்.

வழக்கை விசாரித்த நீதிபதிகளுள் ஒருவரான சாமுவேல் சீவல், 1697-இல் பாஸ்டன் தேவாலயத்தில் எழுந்து நின்றார். பழியைத் தாமே ஏற்கும் அவரது கடிதத்தைப் போதகர் வாசித்தார். 1706-இல் மகள் ஆனும் அவ்வாறே சபைமுன் நின்று, ரெபெக்காவைப் பெயர் சொல்லி வருந்தினார். ஆனால் கோபமோ பகையோ தம்மைத் தூண்டவில்லை, சாத்தானே ஏமாற்றினான் என்றார். அந்த வருத்தம் உண்மையானதாகவே இருக்கலாம். ஆயினும் பழி அப்போதும் வேறொரு தோளில்தான். வீட்டின் பகையை அந்தச் சிறுமி உண்டாக்கவில்லை. அதன் பெயரைச் சொல்லவும் அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.