பல் இம்ப்ளான்ட்: மெல்லும் திறன் திரும்பினாலும் உணவுப் பழக்கம் தானாக மாறுவதில்லை

பற்களை இழந்தவர்களின் உணவுப் பட்டியல் ஒரே நாளில் சுருங்குவதில்லை. முதலில் கரும்பும் வறுத்த வேர்க்கடலையும் விலகும். பின்னர் கொய்யா, பச்சைக் கேரட், தந்தூரி ரொட்டி ஆகியவை விலகும். இறுதியில் குழைந்த சாதமும் கிச்சடியும் பாலில் ஊறவைத்த ரொட்டியுமே எஞ்சும். வயிறு நிறைந்தாலும், நார்ச்சத்தும் பழம், காய்களிலிருந்து கிடைக்கும் சத்துகளும் குறைந்துவிடுகின்றன.

இந்த இழப்பை ஈடுசெய்யும் சிகிச்சைகளில் முக்கியமானது டென்டல் இம்ப்ளான்ட். தாடை எலும்பினுள் டைட்டானியம் திருகு ஒன்றைப் பதித்து, அதன் மீது செயற்கைப் பல்லைப் பொருத்தும் முறை இது. 1952-ஆம் ஆண்டில் முயலின் எலும்பில் டைட்டானியக் கருவியைப் பொருத்தி ஆய்வு செய்துவந்த ஸ்வீடன் நாட்டு மருத்துவர் பெர்-இங்வார் பிரோனமார்க், எலும்பு அந்த உலோகத்தைப் பிரிக்க இயலாதவாறு பற்றிக்கொண்டதைக் கண்டார். 1965-இல் யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முறையாக இச்சிகிச்சை அளிக்கப்பட்டது. 2006-இல் மறையும் வரை அவர் அந்த இம்ப்ளான்டுகளையே பயன்படுத்தினார்.

கழற்றி மாட்டும் முழு பல்செட் அணிந்தவர்களின் கடிக்கும் விசை, இயற்கைப் பற்கள் உள்ளவர்களின் விசையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மட்டுமே. பற்கள் போன பின் தாடை எலும்பு ஆண்டுதோறும் தேய்வதால், குறிப்பாகக் கீழ்த்தாடை பல்செட் தளர்ந்து, பேசும்போதும் மெல்லும்போதும் நழுவுகிறது. இழந்த ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனி இம்ப்ளான்ட் தேவை என்று கருதி, செலவுக்கு அஞ்சிப் பலர் இந்தச் சிகிச்சையை நாடுவதில்லை. அது தேவையில்லை. பற்களே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்ப்ளான்டுகளைப் பதித்து, அவற்றின் மீது பல்செட்டைப் பிணைப்பதே முதல் தெரிவாக இருக்க வேண்டும் என 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் பரிந்துரைத்தனர்.

வாழ்க்கைத் தரத்தில் ஏற்படும் மாற்றத்தை அளவிட, வாய் நலம் குறித்த 14 கேள்விகள் கொண்ட வினாநிரல் பல நாடுகளில் பயன்படுத்தப்படுகிறது. உண்ணும்போது அசௌகரியம் உண்டா, உணவைப் பாதியில் நிறுத்த நேர்ந்ததா, பற்களால் கூச்சம் ஏற்பட்டதா என அது கேட்கிறது. திருமண விருந்துகளைத் தவிர்ப்பவர்களுக்கும் வீட்டினர் உண்டு முடித்த பின் தனியே உண்பவர்களுக்கும் இக்கேள்விகளின் பொருள் நன்கு விளங்கும். தளர்ந்த கீழ் பல்செட்டால் அவதியுற்றவர்களிடமே முன்னேற்றம் பெரிதாகத் தெரிகிறது. பல்செட்டில் ஏற்கெனவே நிறைவாக இருப்பவர்களிடம் வேறுபாடு குறைவு.

எனினும், மெல்லும் திறன் உயர்ந்த அளவுக்கு உணவு மாறுவதில்லை என்பதே ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்படும் முடிவு. கடினமான உணவை உண்ண முடிகிறது என்று கூறுபவர்களின் அன்றாட நார்ச்சத்து, வைட்டமின் அளவுகள் பெரும்பாலும் சிறிதளவே உயர்கின்றன. காரணம் எளிது: பல ஆண்டுகளாகப் பழகிய நாக்கும், அவருக்கெனத் தனியே குழைய வடித்துப் பழகிய அடுப்படியும் திருகு பதித்தவுடன் மாறிவிடுவதில்லை. சிகிச்சையுடன் உணவு ஆலோசனையும் பெற்றவர்களிடம் மாற்றம் கூடுதலாகக் காணப்படுகிறது. நம் நாட்டில் பல் மருத்துவரிடம் உணவு அட்டவணை கேட்போர் அரிது. கேட்க வேண்டிய ஒன்று அது.

எலும்பு திருகைப் பற்றிக்கொள்ளப் பொதுவாக 3 முதல் 6 மாதங்கள் ஆகும். தொடக்க வாரங்களில் மென்மையான உணவே உகந்தது. கட்டுப்பாடற்ற நீரிழிவும் புகைப்பழக்கமும் தோல்விக்கான வாய்ப்பை உயர்த்துகின்றன. இயற்கைப் பல்லைச் சூழ்ந்துள்ள அழுத்தம் உணரும் தசைநார் இம்ப்ளான்டில் இல்லாததால், அரிசியில் கிடக்கும் கல்லோ எலும்புத் துண்டோ கடிபடும்போது உணர்வு சற்றுத் தாமதமாகவே எட்டும். தினமும் துலக்காவிட்டால் சுற்றியுள்ள ஈறு அழன்று, எலும்பும் கரையக்கூடும். எனவே இம்ப்ளான்ட் பொருத்திய பின்னரும் பல் மருத்துவரிடம் முறையான பரிசோதனையைத் தொடர வேண்டும்.