பட்டம் பிந்தியது, ஆய்வு முந்தியது

கனடாவில் வாழும் என் தமையனாரின் மகள் கடந்த ஆண்டு தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னாள். இளமாணிப் படிப்பின் இறுதி ஆண்டிலேயே முதுமாணிக்குரிய இரண்டு பாடங்களைத் தொடங்கிவிட்டாளாம். அவை இரு பட்டங்களுக்கும் கணக்கில் சேருமாம். "ஒரு வருசம் மிச்சம், சித்தப்பா" என்றாள்.

அதே வாரத்தில் என் தமக்கையாரின் மகன் கிளிநொச்சியிலிருந்து பேசினான். அறிவியல்நகரில் விவசாயம் படிப்பவன். "இறுதிப் பரீட்சை முடிந்தாலும் பெறுபேறு வர எவ்வளவு காலம் செல்லுமோ தெரியாது மாமா. அதுவரை முதுமாணிக்கு விண்ணப்பிக்க ஏலாதாம்" என்றான்.

இருவரும் ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள். ஒருத்திக்குப் படிப்பின் இரண்டு படிகளில் ஒரே வேளையில் கால்வைக்க இடமுண்டு. மற்றவனோ முதற்படியின் சான்றிதழ் கையில் விழும்வரை நிற்கவேண்டியவனாக இருக்கிறான். இந்த வேறுபாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. வன்னியைப் பொறுத்தவரை அதற்கு ஒரு விலையும் உண்டு.

முதலில் படிகளின் கதையைப் பார்ப்போம். இளமாணியை முடித்த பின்னரே முதுமாணி என்பது எங்கும் எக்காலத்தும் ஒரே பொருளில் வழங்கிய விதியன்று. ஒக்ஸ்போர்ட், கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகங்களில் இளமாணிப் பட்டம் பெற்றவர், குறித்த சில ஆண்டுகள் கடந்ததும் புதிய பரீட்சை எதுவும் எழுதாமலே முதுமாணி ஆகிவிடுகிறார். ஸ்கொட்லாந்தின் பழைய பல்கலைக்கழகங்களில் கலைப்பீடத்து முதற்பட்டத்தின் பெயரே முதுமாணி. அமெரிக்காவிலும் கனடாவிலும் நான்காண்டுப் படிப்போடு ஓராண்டைச் சேர்த்து இரு பட்டங்களையும் பெறும் ஏற்பாடு பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. இந்தியாவின் ஐ.ஐ.டி.கள் ஐந்தாண்டுகளில் இரு பட்டங்களை வழங்கும் படிப்புகளை நடத்தி வந்துள்ளன. 2022இல் இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு ஒரே காலத்தில் இரு பட்டப் படிப்புகளைத் தொடர அனுமதி அளித்தது. ஆயினும் முதுமாணிக்கு முன் இளமாணி என்ற நிபந்தனையை அது நீக்கவில்லை.

நம்முடைய முன்னோர் கதை இன்னும் சுவையானது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் முதற் பட்டதாரிகளாகத் தேறியவர்கள் கறல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை என்னும் யாழ்ப்பாணத்தவர் இருவர். இருவரும் 1823இல் தொடங்கி 1855இல் மூடப்பட்ட வட்டுக்கோட்டை செமினரியில் பயின்றவர்கள். பட்டம் வழங்கும் நிறுவனம் பிறக்குமுன்னரே பட்டத்துக்குரிய கல்வி அவர்களிடம் இருந்தது. சான்றிதழ் பின்னால் வந்து சேர்ந்தது.

இலங்கையில் 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியபோது அது லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கே மாணவரை ஆயத்தம் செய்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவான பின்னரும் பொதுப் பட்டம், சிறப்புப் பட்டம் என்ற பிரிவு நிலைத்தது. சிறப்புப் பட்டதாரிக்கு முதுமாணியின் வாசல் நேராகத் திறக்கும். பொதுப் பட்டதாரி பொதுவாக இடையில் ஒரு தகுதிகாண் பரீட்சையைத் தாண்டவேண்டும். 2012இல் வந்த இலங்கைத் தகைமைச் சட்டகம் இதனை எண்களில் எழுதிவைத்தது. மூன்றாண்டுப் பட்டம் ஐந்தாம் மட்டம். நான்காண்டுச் சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம். முதுமாணி ஒன்பதாம், பத்தாம் மட்டங்கள். விண்ணப்பப் படிவத்தில் பட்டம் செல்லுபடியாகும் திகதியைக் கேட்கும் கட்டம் ஒன்று இருக்கும். அந்தத் திகதி இல்லாதவருக்குப் பொதுவாக மேற்படிப்பும் இல்லை.

அமைதியான நாட்டில் இந்த விதியில் பெரிய குறை இல்லை. நான்காண்டு என்றால் நான்காண்டாகவே முடியும் இடத்தில், அடுத்த படிக்குச் சில மாதம் காத்திருப்பதால் எவரும் கெட்டுப்போவதில்லை. வன்னியின் நாட்காட்டி அப்படிப்பட்டதன்று.

1974இல் யாழ்ப்பாண வளாகம் பேராசிரியர் க. கைலாசபதியின் தலைமையில் தொடங்கியபோது வன்னிப் பெருநிலத்தில் பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றுகூட இருக்கவில்லை. கிளிநொச்சி தனி மாவட்டமாக ஆனதே 1984இல்தான். 1990இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சியில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. பீடம் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, போர் முடிந்த பின்னரே அறிவியல்நகருக்குத் திரும்பியது. வவுனியாவில் 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஓகஸ்ட் முதலாந் திகதி வவுனியாப் பல்கலைக்கழகமாயிற்று.

அனுமதியைப் பொறுத்தவரை அரசு ஒரு கணக்கு வைத்திருந்தது. எழுபதுகளின் தரப்படுத்தல் தமிழ் மாணவருக்கு இழைத்த அநீதியை வாசகர் அறிவர். அதன் தொடர்ச்சியாக வந்த மாவட்ட ஒதுக்கீட்டால் முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் போன்ற பின்தங்கிய மாவட்டங்களின் பிள்ளைகள் சிலர் பல்கலைக்கழக வாசலை மிதித்தனர் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். இன்றும் பல பீடங்களில் நூற்றுக்கு 40 இடம் திறமைக்கும், 55 மாவட்டங்களுக்கும், 5 வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. வன்னிப் பிள்ளைக்கு நல்ல பாடசாலை இல்லை என்பதை அரசு ஒருவாறு ஒப்புக்கொண்டது. அவனுடைய ஆண்டுகள் தொலைந்துபோகின்றன என்பதற்கு எந்த ஒதுக்கீடும் வரவில்லை.

என் கதையையே சொல்கிறேன். நான் உயர்தரம் எழுதியது 1989இல். 1995இல் சிறப்புக் கலைமாணி இறுதி ஆண்டில் இருந்தேன். அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வீதிக்கு இறங்கியது. தென்மராட்சியில் சில மாதங்கள், பின்னர் கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னி. பல்கலைக்கழகம் திருநெல்வேலியில் மீண்டும் இயங்கத் தொடங்கியபோது வன்னிக்குள் இருந்தவர்களில் பலருக்குத் திரும்பும் வழி இல்லை. வவுனியா, திருகோணமலை, கப்பல் என்று சுற்றி நான் போய்ச் சேர்ந்து பரீட்சை எழுதியது 1997இல். எட்டாண்டில் ஒரு பட்டம். அதற்குள் பத்திரிகைத் தொழில் என்னைப் பிடித்துக்கொண்டது. முதுமாணி என்ற எண்ணம் அத்தோடு போயிற்று.

என்னோடு வரலாறு படித்த நண்பர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவர் விரும்பமாட்டார். முல்லைத்தீவைச் சேர்ந்தவர். சிறப்புக் கலை மாணவர் இறுதி ஆண்டில் ஓர் ஆய்வேடு சமர்ப்பிக்கவேண்டும். ஈழத்து ஊர்கள், கோயில்கள், தொழில்கள் பற்றிய எத்தனையோ செய்திகள் இத்தகைய அச்சேறாத ஆய்வேடுகளில்தான் உறங்குகின்றன. நண்பருக்கு ஓர் ஊரைப் பற்றி எழுதினால் போதுமானதாக இருந்தது. அவரோ மூன்றாம் ஆண்டிலேயே முல்லைத்தீவின் தென்பகுதிக் குளங்கள் அனைத்தையும் பற்றித் தகவல் திரட்டத் தொடங்கிவிட்டார். முதுமாணிக்கான ஆய்வு என்றே மனத்தில் வைத்துக்கொண்டார்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. 1984 டிசெம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, தண்ணிமுறிப்பு ஆகிய ஊர்களின் மக்கள் தம் மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டனர். குளமும் வயலும் எட்டாத இடத்தில், அவற்றின் நினைவு மட்டும் முள்ளியவளைப் பக்கத்துக் கொட்டில்களில் முதியவர்களோடு இருந்தது. எந்தக் குளத்துக்கு எத்தனை துருசு, எந்த வான் எப்போது பாயும், அலைகரையில் எவர் மாடு மேயும், வட்டவிதானை நீரை எப்படிப் பங்கிடுவார், புலவின் பெயர் என்ன, வயற்காணியின் எல்லை எந்த மரம் என்றெல்லாம் அவர் கேட்டு எழுதினார். 1895இல் ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கில அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றிய கைந்நூலை வெளியிட்டார். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மாணவன், ஒவ்வொரு விடுமுறையிலும் இரவில் வள்ளத்தில் கடலேரியைக் கடந்துபோய் அந்த வேலையைத் தொடர்ந்துகொண்டிருந்தான்.

விரிவுரையாளர் ஒருவர் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, "இது முதுமாணிக்கே போதும், ஆனால் முதலில் பட்டத்தை முடியும்" என்றாராம். அன்பாகச் சொன்ன அறிவுரைதான். நண்பர் என்னிடம் சொன்ன மறுமொழியை இன்றும் மறக்கவில்லை: "பட்டம் நாளைக்கும் வாங்கலாம். அப்பு நாளைக்கு இருப்பாரோ?"

1995 இடப்பெயர்வில் உடுப்புகளை விட்டுவிட்டு மூன்று கொப்பிகளைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். வன்னியிலேயே தங்கித் தொண்டர் ஆசிரியரானார். 2002இல் ஏ9 வீதி திறந்த பின்னர்தான் யாழ்ப்பாணம் சென்று விடுபட்ட பரீட்சையை எழுதினார். பட்டம் கிடைத்ததும் முதுமாணிக்கு விண்ணப்பித்தார். எந்த நிறுவனம் என்பது இங்கு முக்கியமில்லை. பதிவுக்கு முன் திரட்டிய தரவுகளை ஆய்வுக்கு ஏற்க முடியாது, முன்மொழிவு அங்கீகரிக்கப்பட்ட பிறகு மீண்டும் நேர்காணல் செய்யவேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அவர் பட்டியலை எடுத்துப் பார்த்தார். பேசியவர்களில் பெரும்பாலானோர் இறந்துவிட்டிருந்தனர். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஊருக்குப் போனார்.

2009இல் புதுக்குடியிருப்புக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் இரண்டு கொப்பிகள் போயின. அவற்றைத் தேடும் நிலையில் அன்று எவரும் இல்லை. மூன்றாவது கொப்பி, நான் ஒரு கட்டுரைக்காக முன்னர் இரவல் வாங்கியிருந்ததால், என் மேசையில் தப்பியது. மனிதர்கள் போன இடத்தில் கொப்பியைப் பற்றிப் பேசுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் மீள்குடியேற்றத்துக்குப் பின்னர் அவ்வூர் மக்கள் தம் பழைய வயல் எங்கே இருந்தது என்று நிறுவவேண்டிய நிலைக்கு ஆளானார்கள். பலரிடம் உறுதியும் இல்லை, அனுமதிப்பத்திரமும் இல்லை. குளத்தின் பெயரும் எல்லை மரமும் எழுதிய ஒரு தாளின் பெறுமதியை அப்போது உணர்ந்தேன்.

எனவேதான் சொல்கிறேன்: வன்னியில் மேலாய்வு இளமாணி முடியுமுன்னரே தொடங்கவேண்டியிருந்தது. அது மாணவனின் பேராசை அன்று. சான்றுகள் அழிந்துகொண்டிருந்த வேகம் அப்படி. பல்கலைக்கழக விதி அந்த வேகத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. 2009 ஓகஸ்டில் முட்கம்பி வேலிக்குள் இருந்த முகாம்களிலேயே பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். பரீட்சையை முகாமுக்குக் கொண்டுபோக முடிந்த நாட்டில், ஒரு பதிவுத் திகதியைச் சற்று முன்னுக்கு நகர்த்துவது இயலாத காரியமா?

எதிர்வாதத்தையும் மறைக்கக்கூடாது. அடிப்படை பலமில்லாமல் மேலே கட்டினால் தரம் தாழும் என்பார்கள். மேற்பார்வை இல்லாத தரவை எப்படி நம்புவது என்பார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். எல்லோருக்கும் வாசலைத் திறக்கும்படி நான் கேட்கவில்லை. இறுதி ஆண்டில் ஆய்வேடு எழுதும் மாணவன், மேற்பார்வையாளர் ஒப்புதலோடு, ஒன்றிரண்டு முதுமாணிப் பாடங்களைப் படிக்கலாம். அந்தப் புள்ளிகளைப் பட்டம் செல்லுபடியாகும் திகதிவரை நிறுத்திவைக்கலாம். மேற்பார்வையின் கீழ் திரட்டிய களத்தரவு பின்னர் செல்லும் என்று எழுதிவைக்கலாம். வேறு நாடுகளில் நடப்பதை ஒத்த ஏற்பாடுதான் இது.

பணத்தையும் மறக்கக்கூடாது. 1945 முதல் இந்நாட்டில் இளமாணி வரை கல்வி இலவசம். முதுமாணிக்குக் கட்டணம் உண்டு. முல்லைத்தீவிலிருந்து வார இறுதி வகுப்புக்குத் திருநெல்வேலிவரை பேருந்தில் போய்வரும் ஆசிரியைக்கு அந்தக் கட்டணமே பாதிச் சுமை. புலம்பெயர்ந்த நாடுகளில் உள்ள பழைய மாணவர் சங்கங்கள் பாடசாலைக்கு நுழைவாயில் கட்டுவதோடு, இரண்டு மூன்று மாணவரின் களஆய்வுச் செலவையும் ஏற்கலாம்.

போர் முடிந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன, இனி ஏன் இந்தப் பேச்சு என்று கேட்கலாம். 2020இன் பெருந்தொற்றும் 2022இன் பொருளாதார வீழ்ச்சியும் பல்கலைக்கழக நாட்காட்டியை மறுபடி குலைத்ததைக் கண்டோம். முதியவர்களும் காத்திருக்கவில்லை. 1984இல் நாற்பது வயதாக இருந்தவர் இன்று எண்பதைக் கடந்துவிட்டார்.

அந்த மூன்றாவது கொப்பியின் படப்பிரதியை நண்பரின் அனுமதியோடு என் மருமகனிடம் கொடுத்தேன். அவன் குளத்து நீர்ப்பங்கீட்டைப் பற்றியே இறுதி ஆண்டு ஆய்வு செய்கிறான். இரண்டு சனிக்கிழமை கொக்குத்தொடுவாய்ப் பக்கம் போய், கொப்பியில் பெயருள்ள ஒருவரின் மகனைக் கண்டு பேசிவந்திருக்கிறான்.

"இப்ப எழுதிறது பிறகு முதுமாணிக்குக் கணக்கில சேருமோ, மாமா?" என்று கேட்டான்.

என்னிடம் மறுமொழி இல்லை. "ஒவ்வொரு பக்கத்திலும் திகதியைப் போடு, சொன்னவரின் பெயரைப் போடு, ஒரு பிரதியை எனக்கு அனுப்பு" என்று மட்டும் சொன்னேன்.