பலிபீடம் கிடைக்காத மாணவர்கள்: கேரளச் சுரியானி மரபில் வழிபாட்டுக் கல்வி

1540களில் கொடுங்கல்லூரில் பிரான்சிஸ்கன் துறவி விசென்தே டி லாகோஸ் ஒரு கல்லூரியைத் தொடங்கினார். சங்க இலக்கியம் முசிறி என்று அறிந்திருந்த துறைமுகத்தின் சுற்றுவட்டாரம் அது. தோமா கிறித்தவக் குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்த்து, இலத்தீன் மொழியையும் இலத்தீன் வழிபாட்டையும் கற்பித்து, குருப்பட்டம் பெறச் செய்து, அவர்களுடைய ஊர்களுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது திட்டம். கல்வி முறையாகவே நடந்தது. மாணவர்கள் கற்றுத் தேர்ந்தனர், பட்டமும் பெற்றனர். ஊர் திரும்பியபோதுதான் சிக்கல் தொடங்கியது. அவர்களுக்குச் சுரியானி தெரியாது என்பதால் ஊர்க் கோயில்களில் வழிபாடு நடத்த அவர்களை யாரும் அனுமதிக்கவில்லை. இதை எழுதி வைத்தவர் போர்த்துகீசியத் தரப்பைச் சேர்ந்த அந்தோனியோ டி கோவியா. 1606இல் அச்சான அவருடைய நூலில் இச்செய்தி இருக்கிறது. எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டாக அன்றி, தம் தரப்பின் தோல்வியாக அவரே பதிவுசெய்திருப்பதால் இச்சான்றுக்கு மதிப்பு அதிகம்.

இந்திய கிறித்தவத்தில் வழிபாட்டு மொழி பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஆயர்களையும் சங்கங்களையும் தீர்மானங்களையும் சுற்றியே எழுதப்படுகின்றன. கற்றுக்கொண்டவனின் பக்கத்திலிருந்து அவ்வரலாற்றைப் பார்த்தால் வேறொரு காட்சி தெரிகிறது. கேரளத்தில் வழிபாட்டு முறை தகராறுக்கு உள்ளான ஒவ்வொரு காலகட்டத்திலும், படிப்பை முடித்துவிட்டுப் பலிபீடம் கிடைக்காமல் நின்ற ஒரு மாணவர் கூட்டம் இருந்திருக்கிறது.

அந்தக் கல்வி எத்தகையது என்பதை முதலில் பார்க்க வேண்டும். சுரியானியில் மல்பானா என்றால் ஆசிரியர். மலையாளத்தில் அது மல்பான் ஆயிற்று. ஐரோப்பிய மாதிரியிலான குருமடங்கள் வருவதற்கு முன் குருவாக விரும்பிய சிறுவன் ஒரு மல்பானிடம் ஒப்படைக்கப்படுவான்; ஆண்டுக்கணக்கில் அவருடனேயே தங்குவான். சுரியானி எழுத்துகளைக் கூட்டி வாசிக்கப் பழகுவதும், திருப்பாடல்களை மனப்பாடம் செய்வதும், நாளின் வேளைகளுக்குரிய மன்றாட்டுகளை உரிய மெட்டில் பாடுவதும், சுவடியைப் பார்த்துப் படியெடுப்பதும், மல்பான் குர்பானா நிறைவேற்றும்போது அருகில் நின்று பணிவிடை செய்வதும்தான் பாடத்திட்டம். காதும் கையும் முதலில் கற்றன. பொருள் பின்னால் வந்தது. சிலருக்கு வராமலும் போயிருக்கலாம். வேதபாடசாலை மரபை அறிந்தவர்களுக்கும், தேவாரப் பண்முறையைக் குருமுகமாகக் கற்ற ஓதுவார்களை அறிந்தவர்களுக்கும் இது புதிதாகத் தோன்றாது. இம்முறை 19ஆம் நூற்றாண்டிலும் உயிரோடு இருந்தது. பின்னாளில் புனிதராக அறிவிக்கப்பட்ட குரியாக்கோஸ் எலியாஸ் சாவரா 1818இல், 13 வயதில், பள்ளிப்புறத்தில் பாலக்கல் தோமா மல்பானிடம்தான் சேர்ந்தார்.

மல்பானிடம் கற்றவனுக்குச் சுரியானி மனிதரோடு பேசும் மொழியாக இருக்கவில்லை. இறைவன்முன் நிற்பதற்கான மொழியாக இருந்தது. கொடுங்கல்லூர்க் கல்லூரியின் பிழையும் இங்கேதான். இலத்தீனும் அந்த ஊர்மக்களுக்குப் புரியாது, சுரியானியும் புரியாது. ஆகவே ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வைத்தால் வேறுபாடு தெரியாது என்று எண்ணியிருப்பார்கள் போலும். புரியாத மொழிகள் எல்லாம் ஒன்றல்ல என்பதை ஊர்மக்கள் அறிந்திருந்தனர்.

இயேசு சபையினர் அந்தத் தோல்வியிலிருந்து பாடம் கற்றனர். 1580களில் சேந்தமங்கலத்தை ஒட்டிய வைப்பிக்கோட்டையில் அவர்கள் தொடங்கிய குருமடத்தில் சுரியானி முறையாகக் கற்பிக்கப்பட்டது. கற்பித்தவர்களுள் முதன்மையானவர் கத்தலான் நாட்டவரான பிரான்சிஸ்கோ ரோஸ். சுரியானியில் ஆழ்ந்த புலமை உடையவர். மொழிச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் மாணவர்களின் சிக்கல் தீரவில்லை. கீழைச் சுரியானித் திருச்சபையிலிருந்து வந்த அங்கமாலி ஆயர் மார் ஆபிரகாம், 1590 வாக்கில் வைப்பிக்கோட்டை மாணவர்களுக்குக் குருப்பட்டம் அளிக்க மறுத்தார். சுரியானி கற்றிருந்தால் மட்டும் போதாது, யாரிடம், எந்த மனநிலையில் கற்றான் என்பதும் முக்கியம் என்று அவர் கருதியிருக்க வேண்டும். நெஸ்தோரியு முதலான ஆசான்களின் பெயர்களை வழிபாட்டில் சொல்வதா, விடுவதா என்ற பூசல் அப்போதே நடந்துகொண்டிருந்தது. ஒரு பெயரை உச்சரிக்காமல் தாண்டிச் செல்லக் கற்ற மாணவன், இலக்கணப் பிழையே இல்லாமல் வாசித்தாலும், அந்த ஆயரின் காதுக்கு வேற்றாளாகவே ஒலித்திருப்பான்.

மார் ஆபிரகாம் 1597இல் இறந்தார். 1599 ஜூனில் கோவா பேராயர் அலெய்சோ டி மெனேசிஸ் உதயம்பேரூரில் கூட்டிய சங்கம் அந்தப் பெயர்களை வழிபாட்டு நூல்களிலிருந்து நீக்கியது. சில நூல்களைத் திருத்தவும் சிலவற்றை எரிக்கவும் ஆணையிட்டது. அதற்கு முந்திய மலபார் வழிபாட்டுச் சுவடிகள் இன்று மிகச் சிலவே எஞ்சியிருக்கின்றன. மல்பான்களின் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்துப் பழகிய நூல்கள் அவை. உதயம்பேரூரைப் பற்றி இறையியல் நோக்கில் நிறையவே எழுதப்பட்டுவிட்டது. ஒரு கல்விமுறை தன் பாடநூல்களை ஒரே அடியில் இழந்த நிகழ்வாகவும் அதைப் படிக்கலாம்.

1653 ஜனவரி 3இல் மட்டாஞ்சேரியில் நடந்த கூனன் குரிசு சத்தியத்துக்குப் பின் சமூகம் பிளவுபட்டது. 1665இல் எருசலேமிலிருந்து மார் கிரிகோரியோஸ் அப்துல் ஜலீல் வந்து சேர்ந்ததை அடுத்து, ஒரு பிரிவு மெல்ல மெல்ல மேலைச் சுரியானி மரபுக்கு நகர்ந்தது. இந்நகர்வு முற்றுப்பெற ஒரு நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. எழுத்துரு மாறியது, உச்சரிப்பும் மாறியது. கீழைச் சுரியானியில் ஆகாரமாக ஒலிப்பது மேலைச் சுரியானியில் ஓகாரமாக ஒலிக்கும். ஒரு பிரிவின் மாணவன் 'ஆலாஹா' என்று கற்றதை மற்றொரு பிரிவின் மாணவன் 'ஆலோஹோ' என்று கற்றான். ஒரே பாட்டனின் பேரர்கள் இறைவனின் பெயரை இரு உயிரொலிகளில் அழைக்கத் தொடங்கினர்.

மொழியியல் மாணவர்கள் இங்கே சற்று நிற்கலாம். மேலை மரபை ஏற்ற பிரிவினர் பேச்சில் இன்றும் 'குர்பானா', 'மாமோதீஸா' என்றே சொல்கின்றனர். பழைய ஆகாரம் அப்படியே இருக்கிறது. குருமடத்தில் கற்பிக்கப்பட்டது மாறியது, வீட்டில் வழங்கியது மாறவில்லை. கத்தோலிக்கச் சுரியானியரின் 'கந்தீசா ஆலாஹா'வும் கவனிக்கத்தக்கது. 'தூய' என்று பொருள்படும் கத்தீஷா என்ற சொல்லின் இரட்டித்த மெய்யில் மலபார் நாவில் ஒரு மூக்கொலி ஏறியிருக்கிறது. தில்லியைச் சேர்ந்த 'இந்தியன் ஓஷன்' இசைக்குழுவின் 'கந்தீசா' (2000) தொகுப்பைக் கேட்டவர்கள் அந்த மூக்கொலியையும் கேட்டிருப்பார்கள், சொல் எம்மொழியது என்று அறியாமலேனும். சுரியானி எழுத்தில் மலையாளத்தை எழுதும் 'சுரியானி மலையாளம்' என்னும் வழக்கமும் இந்தக் கல்வியின் விளைவுதான். 22 எழுத்துகள் போதாமல், ழகரம், ளகரம், ணகரம் போன்றவற்றுக்கு மலையாள எழுத்துகளையே கடன் வாங்கினர். அரபுத் தமிழை அறிந்தவர்களுக்கு இதன் தேவையும் திறமும் விளங்கும். மல்பானிடம் முதலில் கற்ற எழுத்து எதுவோ அதிலேயே தாய்மொழியையும் எழுதினான் மாணவன்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்வியின் இடம் மாறியது. 1815இல், ஆங்கிலேய ரெசிடென்ட் ஜான் மன்றோவின் ஆதரவோடு, புலிக்கோட்டில் ஜோசப் இட்டூப் றம்பானின் முயற்சியால் கோட்டயத்தில் குருமடம் எழுந்தது. பழைய செமினாரி என்று இன்றும் அறியப்படுவது அதுவே. சி.எம்.எஸ். மிஷனரிகளும் அங்கே கற்பித்தனர். சுரியானியோடு மலையாளம், சமஸ்கிருதம், ஆங்கிலம் எனப் பாடங்கள் விரிந்தன. பெஞ்சமின் பெய்லியின் அச்சகமும் மலையாள வேதாகம மொழிபெயர்ப்பும் அதே ஊரில் உருவாயின. ஒரே மாணவன் காலையில் சுரியானியில் மன்றாடி, பகலில் மலையாள வேதாகமத்தை வாசிக்கும் நிலை வந்தபோது, இதுவரை எழாத கேள்வி ஒன்று எழுந்தே தீரும்: இந்த மன்றாட்டின் பொருள் என்ன?

அந்தக் கேள்வியை முழு வலுவோடு எடுத்தவர் வெளியாள் அல்லர். மாராமண்ணைச் சேர்ந்த பாலக்குன்னத்து ஆபிரகாம் மல்பான் அந்தச் செமினாரியில் சுரியானி கற்பித்த ஆசிரியர். சுரியானியை நன்கு அறிந்தவர் என்பதாலேயே, கேட்பவருக்கு அது எவ்வளவு எட்டாமல் இருக்கிறது என்பதையும் அறிந்திருந்தார். 1836ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் புனித யாக்கோபின் வழிபாட்டு முறையை மலையாளத்தில் பெயர்த்து, புனிதரை நோக்கிய மன்றாட்டுகளையும் இறந்தோருக்கான மன்றாட்டுகளையும் நீக்கி, தம் ஊர்க் கோயிலில் நிறைவேற்றினார். மொழிமாற்றம், கொள்கைமாற்றம் ஆகிய இரண்டும் ஒன்றாகவே வந்தன. பிற்கால ஆய்வுகள் இவற்றைப் பிரித்துப் பேசுகின்றன. அன்று எதிர்த்தவர்களுக்கும் ஆதரித்தவர்களுக்கும் அவை ஒரே செயலாகவே தெரிந்தன.

பெருநகர ஆயர் சேப்பாட்டு மார் தியோனிசியோஸ், மல்பானிடம் பயின்ற திருத்தொண்டர்களுக்குக் குருப்பட்டம் தர மறுத்தார். மல்பான் ஏற்கெனவே குரு. விலக்கப்பட்டாலும் அவருக்குப் பலிபீடம் ஒன்று இருந்தது. மாணவர்களுக்கு அதுவும் இல்லை. ஆசிரியர் எழுப்பிய கேள்விக்கான விலையை அவர்களே செலுத்தினர். அவர்களுள் பலர் மாராமண்ணுக்கே வந்து ஆசிரியருடன் சேர்ந்துகொண்டனர். மல்பான் தம் அண்ணன் மகன் மத்தேயுவைத் தொலைவிலுள்ள மார்தீனுக்கு, மேலைச் சுரியானி மறைமுதுவரிடம் அனுப்பினார். அவர் மாத்தியூஸ் மார் அத்தனாசியோஸ் என்ற பெயரில் 1842இல் ஆயர்நிலை பெற்று, அடுத்த ஆண்டு திரும்பினார். இதைப் பொதுவாக ஒரு சீர்திருத்தத் தலைவரின் அரசியல் திறனாகச் சொல்வார்கள். பட்டம் மறுக்கப்பட்ட மாணவர்களின் கண்ணில், தங்கள் தலைமேல் கைவைக்க ஓர் ஆயரைத் தேடிச் சென்ற பயணம் அது.

அந்தச் சீர்திருத்தத்திலிருந்து வளர்ந்த மார் தோமா திருச்சபையின் மலையாள வழிபாட்டில் 'பாரெக்மோர்' என்ற சுரியானித் தொடர் இன்றும் இருக்கிறது. 'ஆண்டவரே, ஆசி கூறும்' என்பது பொருள். அதன் ஈற்றிலுள்ள 'மோர்', திருச்சபையின் பெயரில் உள்ள 'மார்' ஆகிய இரண்டும் ஒரே சொல். பெயரில் கீழை ஆகாரம். மன்றாட்டில் மேலை ஓகாரம். மொழிபெயர்ப்பையே தொடக்கமாகக் கொண்ட ஒரு திருச்சபை, தான் கடந்துவந்த இரு சுரியானிகளையும் இப்படி நாவில் சுமக்கிறது.

மற்றப் பிரிவுகளும் பின்னர் மலையாளத்துக்கு வந்தன. மேலைச் சுரியானி மன்றாட்டுகளைப் பாம்பாக்குடைக் கோனாட்டு மாத்தன் மல்பான் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலையாளமாக்கினார். மெட்டைக் கைவிடாமல் மொழியை மாற்றுவது இத்தகைய பணியின் அருமை. எப்ரேம் பெயரால் வழங்கும் யாப்பில் அடிக்கு ஏழு அசை. சுரியானியில் ஏழசையில் அடங்குவது மலையாளத்தில் எளிதில் அடங்காது. கத்தோலிக்கச் சீரோ மலபார் சபையில் 1962 ஜூலை 3 முதல் குர்பானா பெரும்பகுதி மலையாளத்தில் நடந்தது. அந்த ஆண்டுகளில் குருமடத்தில் இருந்தவர்கள் சுரியானியில் நாவைப் பழக்கி மலையாளத்தில் முதல் குர்பானா நிறைவேற்றிய தலைமுறை. அதன்பின் கல்வியின் வரிசையே தலைகீழானது: பொருளும் வரலாறும் இறையியலும் முதலில்; சுரியானி ஒரு பாடமாக, ஆர்வமுள்ளோருக்கு மட்டும் ஆழமாக. 1985இல் கோட்டயத்தில் சுரியானி ஆய்வுக்கெனத் தொடங்கப்பட்ட 'சீரி' நிறுவனத்தில் பட்டப்படிப்பாகவே அதைக் கற்கலாம். மல்பானின் சிறுவன் பாடி அறிந்ததை இன்றைய மாணவன் அடிக்குறிப்போடு அறிகிறான். இதில் பெற்றது எது, இழந்தது எது என்பதற்கு ஒரே விடை கிடையாது. ஆனால் வழிபாட்டைப் பொருளாகக் கற்றவனுக்கு அதைப் பற்றி ஒரு கருத்து இருக்கும் என்பதை எந்தத் திருச்சபையும் எதிர்பார்த்தே ஆக வேண்டும்.

மொழி தீர்ந்த பிறகு தகராறு திசைக்கு வந்தது. குரு மக்களை நோக்கி நின்று நிறைவேற்றுவதா, பலிபீடத்தை நோக்கியா? வழிபாட்டின் முதற்பகுதியும் இறுதிப்பகுதியும் மக்களை நோக்கி, நற்கருணை மன்றாட்டு பலிபீடத்தை நோக்கி என்று சீரோ மலபார் ஆயர் மன்றம் 1999இல் வகுத்தது. 2021 நவம்பர் முதல் எங்கும் அதை நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. எறணாகுளம்–அங்கமாலி உயர்மறைமாவட்டத்தில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. முழுவதும் மக்களை நோக்கி நடத்தும் முறையில் அரை நூற்றாண்டு பழகிய மறைமாவட்டம் அது. 2023 இறுதியில் படிப்பை முடித்த அம்மறைமாவட்டத் திருத்தொண்டர்களிடம், ஒருங்கிணைந்த முறையையே பின்பற்றுவோம் என எழுத்தில் உறுதி கேட்கப்பட்டது. உறுதி கிட்டாத நிலையில் குருப்பட்டம் தள்ளிப்போனது. சக மாணவர்கள் பிற மறைமாவட்டங்களில் முதல் குர்பானா நிறைவேற்றிக்கொண்டிருந்த மாதங்களில், இவர்கள் திருத்தொண்டர்களாகவே காத்திருந்தனர். ஞாயிறுதோறும் ஒரு குர்பானாவையேனும் ஒருங்கிணைந்த முறையில் நடத்துவது என்ற உடன்பாடு 2024 நடுவில் ஏற்பட்டது. அவர்களுக்குப் பட்டம் கிடைத்தபோது அந்த ஆண்டு முடியும் தறுவாயில் இருந்தது. மார் ஆபிரகாமின் பழைய இருக்கையான அங்கமாலி, அந்த மறைமாவட்டத்தின் பெயரில் இன்றும் இருக்கிறது.