பழமை எப்போது 'கிளாசிக்' ஆயிற்று? புல்லட்டின் இந்திய வாழ்வு

இந்தியச் சாலைகளில் ஓடும் பழம்பாணி மோட்டார் சைக்கிளைக் காண்பவர்கள், ஒரு மரபு அறுபடாமல் தொடர்ந்து வருவதாக எண்ணிக்கொள்கின்றனர். வட்ட முகவிளக்கும், டாங்கின் மேல் கையால் தீட்டிய பொன்னிறக் கோடும் அவ்வெண்ணத்தை உறுதிப்படுத்துகின்றன. வரலாறோ சற்று வேறுவிதமானது. உண்மையிலேயே பழைய வண்டியாக இருந்த காலத்தில் புல்லட்டை இந்தியர்கள் பழமைக்காக வாங்கவில்லை. பழமை ஒரு விற்பனைப் பொருளானது, அந்தப் பழைய எஞ்சின் விடைபெறும் தறுவாயில்தான்.

இங்கிலாந்தின் ரெடிச் நகரில் இயங்கிய என்ஃபீல்டு சைக்கிள் நிறுவனம் 1901-இல் தன் முதல் மோட்டார் சைக்கிளை உருவாக்கியது. 'புல்லட்' என்னும் பெயர் 1932-இல் வந்தது. விடுதலைக்குப் பின் எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டிகளைத் தேடிய இந்திய ராணுவம் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அதனை இறக்குமதி செய்துவந்த மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிச் நிறுவனமும் இணைந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் பாகங்களைத் தருவித்துப் பூட்டிய ஆலை, விரைவிலேயே வண்டி முழுவதையும் தானே தயாரிக்கத் தொடங்கியது. 1970 வாக்கில் இங்கிலாந்தின் தாய் நிறுவனம் மூடப்பட்டுவிட, திருவொற்றியூர் மட்டும் எஞ்சியது. 1977-இல் அங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியானது.

இந்தத் தொடர்ச்சியை மரபுப் பற்று என்று விளக்குவது எளிது. ஆனால் காரணம் பெரிதும் பொருளாதாரக் கொள்கையில் இருந்தது. உரிமம் இன்றி உற்பத்தியைப் பெருக்க இயலாத காலம் அது. அயல்நாட்டு வண்டிகளையும் தொழில்நுட்பத்தையும் வரியும் கட்டுப்பாடுகளும் தடுத்து நிறுத்தின. ஒரு ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நாட்டில், தயாரிப்பாளருக்கு மாதிரியை மாற்றவேண்டிய நெருக்கடி எழவில்லை. மைசூரில் செக்கோஸ்லோவாக்கிய வடிவமைப்பில் உருவான ஜாவாவும், போலந்து வண்டியொன்றை அடியொற்றிய ராஜ்தூத்தும் இதே சூழலில்தான் நெடுங்காலம் மாறாமல் நீடித்தன. காலம் உறைந்து நின்றதற்குச் சட்டமே காரணமாயிருந்தது.

அந்த உறைந்த காலத்தின் சுமையை ஓட்டியவர்களும் மெக்கானிக்குகளும் சுமந்தனர். 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் நீள வீச்சும் கொண்ட 346 சிசி எஞ்சினை உதைத்து எழுப்புவது ஒரு பயிற்சி. ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்துப் பிஸ்டனின் நிலையறிந்து, டீகம்ப்ரஷன் லீவரை அழுத்தி, அதன் பின்னரே கிக்கரை மிதிக்கவேண்டும். தவறினால் கிக்கர் திருப்பியடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருந்தன. எஞ்சினிலிருந்து எண்ணெய் கசிவதை எவரும் கோளாறாகக் கருதவில்லை. ராணுவத்தினர், காவலர்கள், பஞ்சாபின் உழவர்கள் ஆகியோர் அதனை வாங்கியது அழகுக்காக மட்டும் அன்று. சுமை தாங்கும், கரடுமுரடான வழியில் செல்லும், பக்கத்துப் பட்டறையிலேயே பழுது பார்க்கலாம் என்பதற்காகவே. ஓசையைக் கேட்டே வால்வு இடைவெளியைச் சொல்லும் மெக்கானிக்குகளின் ஒரு தலைமுறை இவ்வண்டியோடு வளர்ந்தது. டெல்லியின் கரோல் பாக் அதன் உதிரிபாகச் சந்தையாகப் பெயர்பெற்றது.

1980களின் நடுவில் கதவு சற்றே திறந்தது. ஜப்பானியக் கூட்டுறவில் 100 சிசி வண்டிகள் வந்தன. 1985-இல் வெளியான ஹீரோ ஹோண்டா சிடி 100, எரிபொருள் சிக்கனத்தை வாங்குபவரின் முதல் கேள்வியாக்கியது. அதற்குப் புல்லட்டிடம் விடையில்லை. 1994-இல் என்ஃபீல்டு இந்தியா ஐஷர் குழுமத்தின் வசமாகி, ராயல் என்ஃபீல்டு என்ற பெயரைப் பெற்றது. 2000-ஆம் ஆண்டளவில் விற்பனை மாதத்துக்குச் சுமார் 2,000 வண்டிகளாகச் சுருங்க, நிறுவனத்தை மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. பொறுப்பேற்ற இளைஞர் சித்தார்த்த லால் அதனை நடத்திக்காட்ட அவகாசம் பெற்றார்.

2002-இல் தண்டர்பேர்டு வந்தது. உயர்ந்த கைப்பிடி, தாழ்ந்த இருக்கை எனும் அமெரிக்கக் குரூசர் தோரணை அதற்குரியது. புல்லட்டோ பிரிட்டிஷ் ரோட்ஸ்டர் வகை. ஆயினும் நிதானமாகச் செல்லும் கனத்த வண்டி எதையும் 'குரூசர்' என்றழைக்கும் வழக்கு இந்தியாவில் வேரூன்றியது.

திருப்பம் 2009-இல் நிகழ்ந்தது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே உறைக்குள் அமைந்த புதிய பொறியுடன் 'கிளாசிக்' வெளியானது. புகை விதிகள் இறுகிவந்த காலத்தில் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் நிலைத்திருக்க வழியில்லை. ஒரு சட்டம் நிறுத்திவைத்த காலத்தை இன்னொரு சட்டம் நகர்த்தியது எனலாம். மாற்றம் உள்ளே நிகழ, வெளித்தோற்றமோ முந்தைய வண்டிகளைக் காட்டிலும் பின்னோக்கிச் சென்றது: 1940களின் இறுதியை நினைவூட்டும் வளைவுகள், ஸ்பிரிங் பொருத்திய ஒற்றை இருக்கை. 'கிளாசிக்' என்பதன் லத்தீன் மூலச்சொல் பழமையைக் குறிப்பதன்று. உரோமாபுரியில் உயர்வகுப்புக் குடிமகனைக் குறித்தது. உழைப்பு வண்டியாயிருந்த புல்லட்டின் உருவம் நகர்ப்புற நடுத்தர வகுப்பின் விருப்பப் பொருளான கதைக்கு இப்பொருள் வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது.

2020-இல் மீட்டியோர் குரூசரோடு அறிமுகமாகி, மறு ஆண்டு கிளாசிக்கிலும் ஏறிய 349 சிசி எஞ்சின், அதிர்வைத் தணிக்கும் சமநிலைத் தண்டு கொண்டது. இன்று கிளாசிக் வாங்குபவர் பொத்தானை அழுத்துகிறார், உதைக்க வேண்டியதில்லை. 2025 செப்டம்பரில் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடாகக் குறைந்தபோது, அதைத் தாண்டியவற்றுக்கு அது 40 ஆயிற்று. பழைய 350 என்னும் அளவு புதிய காரணத்தால் மீண்டும் மதிப்புப் பெற்றது.

இவ்வண்டி தரும் இன்பம் பொய்யன்று. லடாக்கின் கணவாய்களை அதில் கடப்பவரின் மகிழ்ச்சியும், ராஜஸ்தானின் பாலி அருகே ஒரு புல்லட்டுக்கே மாலையிட்டு வழிபடுவோரின் நம்பிக்கையும் மெய்யானவை. ஆனால் அமைதியாக்கப்பட்ட எஞ்சினுக்கு வேறு சைலன்சர் மாட்டிப் பழைய முழக்கத்தை வரவழைத்து, காவல்துறைக்கு அபராதம் செலுத்துவோரும் இருக்கின்றனர். அவர்கள் தேடுவது ஓசையை மட்டுமே; அவ்வோசையோடு ஒட்டியிருந்த உழைப்பை அன்று. கணினிக் கருவியை இணைத்துப் பழுதறியும் சர்வீஸ் நிலையங்கள் பெருகும் காலத்தில், காதால் பழுதறிந்த மெக்கானிக்குகளின் அறிவை எழுதிவைத்தவர் சிலரே. வடிவத்தைத் திரும்பச் செய்துகொள்ள ஆலைகளால் முடியும். முப்பது நாற்பது ஆண்டுகள் அந்த வண்டியை ஓடவைத்த கைகளின் அறிவைக் கேட்டுப் பதிவுசெய்ய, அவர்கள் வாழும் காலம் மட்டுமே இருக்கிறது.