வெடியுப்பு விளைந்த மண்

துப்பாக்கி மருந்தின்றி ஐரோப்பிய அரசர்களுக்குப் போரில்லை. வெடியுப்பின்றித் துப்பாக்கி மருந்தில்லை. ஆதலாற் பிரான்சிலே தொழுவத்து மண்ணைச் சுரண்டி அவ்வுப்பை வடித்தெடுத்தனர். எருவிலுள்ள அமோனியா அங்கு நைத்திரேற்றாக மாறுவது எவ்வாறு? காற்றுப்பட்டு நிகழும் வெறும் இரசாயன மாற்றமென்றே அறிஞர் பலர் நெடுங்காலம் எண்ணினர்.

1877 இல் ஷ்லோசிங், முன்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் இதனைச் சோதித்தனர். மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாயினூடே கழிவுநீரை மெல்ல வடியவிட்டனர். 20 நாட்கள் வரை அமோனியா மாறாமலே வெளிவந்தது. அதன் பின்னரே நைத்திரேற்றுத் தோன்றிற்று. வெறும் இரசாயன மாற்றமாயின் முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டுமன்றோ? குளோரோபோம் ஆவியைச் செலுத்தினர்; மாற்றம் நின்றது. ஆவியை நிறுத்திய பின்னும் அது மீளவில்லை. வளமான மண்ணைக் கலக்கிய நீரைச் சிறிது ஊற்றிய பின்னரே மீண்டும் தொடங்கிற்று. குளோரோபோமுக்கு இவ்வாறு அடங்குவது உயிரேயன்றி வேறில்லை.

அவ்வுயிரைப் பிரித்தெடுப்பதோ எளிதாயில்லை. செலற்றின் கூழில் வளர்க்க முயன்றோர் தோற்றனர். ஊட்டமென இட்ட பொருளிற் பிற பற்றீரியாக்களே பெருகின. 1890 இல் சூரிச் நகரில் வினோகிராட்ஸ்கி என்னும் ரஷ்ய அறிஞர், சேதனப் பொருளற்ற கரைசலில் அதனை வளர்த்துக் காட்டினார். வேலை இரு கூட்டத்தாருக்குரியது என்றும் கண்டார்: ஒன்று அமோனியாவை நைத்திரைற்றாக்கும், மற்றது நைத்திரைற்றை நைத்திரேற்றாக்கும்.

இவற்றின் கருவிகளான நொதியங்கள் இருபதாம் நூற்றாண்டிலேயே தெளிவாயின. செம்பை ஏந்திய நொதியமொன்று அமோனியாவில் ஒட்சிசனைச் சேர்த்து ஐதரொட்சிலமீனாக்குகின்றது. இரும்பை ஏந்திய வேறொன்று அதிலிருந்து இலத்திரன்களைக் கவர்கின்றது. முதற்படி செலவு, இரண்டாவதே வரவு. அவ்வரவிலும் ஏறக்குறையப் பாதி முதற்படிக்கே திரும்பிச் செல்வதால், இப்பற்றீரியாக்கள் மெதுவாகவே பெருகுகின்றன. பாரிசுக் குழாய் காத்திருந்த 20 நாட்களுக்கும் அதுவே காரணமெனலாம்.

வினோகிராட்ஸ்கி வகுத்த இருகூட்டப் பிரிவு நூற்றாண்டுக்கு மேல் அசையாது நின்றது. 2015 இல் இரு ஆய்வுக் குழுவினர், ஒன்று வெந்நீர்க் குழாயிலும் மற்றது மீன் வளர்ப்புத் தொட்டியின் வடிகட்டியிலுமாக, இரு வேலைக்குமுரிய நொதியங்கள் அனைத்தையும் ஒருங்கே தாங்கிய பற்றீரியாக்களைக் கண்டனர்.