தொட்டி துலக்கும் மீன்: ஒரு பெயரின் வரலாறு

திருவனந்தபுரத்தின் வண்ணமீன் கடை எதிலும் அன்றாடம் நிகழ்வது இது. கண்ணாடித் தொட்டியும் நான்கு தங்கமீன்களும் வாங்கியவர், தொட்டியை எத்தனை நாளுக்கொருமுறை கழுவ வேண்டும் என்று கேட்கிறார். கடைப் பணியாளர் விடை கூறுவதில்லை. விரல் நீளமுள்ள, உடலெங்கும் புள்ளிகளும் அடிப்புறத்தில் உறிஞ்சுவாயும் கொண்ட ஒரு மீனைச் சிறு வலையால் அள்ளி, நெகிழிப் பையிலிட்டுக் கொடுக்கிறார். அதன் பெயரே விடை: ‘டேங்க் கிளீனர்’. ‘சக்கர்’ என்றும் அதனை வழங்குவர்.

இங்கே அறிவுரை ஒரு வாக்கியமாக வராமல் பெயராக வருகிறது. ‘இம்மீன் தொட்டியைத் துலக்கும்’ என்று வாக்கியமாகச் சொன்னால், எவ்வளவு காலம், எதைத் தின்று, பெரிதானால் என்ன ஆகும் என்று எதிர்க்கேள்வி கேட்க இடமுண்டு. பெயர்ச்சொல்லை எதிர்த்து யாரும் கேள்வி கேட்பதில்லை. பணியாளரும் பொய் சொல்வதாக எண்ணுவதில்லை. மொத்த வணிகரிடம் தாம் கற்ற பெயரையே அவர் திருப்பிச் சொல்கிறார். ஆயினும் அப்பெயருக்குள் ஒன்றே முக்கால் நூற்றாண்டுக் கால வரலாறும், காலாவதியான ஓர் அறிவியல் கொள்கையும் அடங்கியிருக்கின்றன.

அவ்வரலாறு இலண்டனில் தொடங்குகிறது. 1849ஆம் ஆண்டளவில் இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலாளர், ஏறத்தாழ 55 லிட்டர் கொள்ளும் தொட்டியொன்றில் பாதியளவு நீர் நிரப்பி, இரண்டு சிறு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியையும் இட்டார். செடி உயிர்வளியை வெளியிடும், மீன் அதனைச் சுவாசிக்கும், நீரை மாற்றவே தேவையில்லை என்பது அவர் கணிப்பு. சில காலத்தில் இலைகள் அழுகின, நீர் கலங்கிற்று, கண்ணாடியில் பாசி படர்ந்தது. அவர் ஐந்தாறு குளத்து நத்தைகளைச் சேர்த்தார். அவை அழுகலையும் பாசியையும் தின்னவே, நீர் தெளிந்தது. 1850இல் வேதியியல் சங்கத்தின் முன் அவர் அளித்த இந்தச் செய்தியிலிருந்தே ‘சமநிலைத் தொட்டி’ என்னும் கருத்து பரவிற்று. 1853இல் இலண்டன் விலங்கியல் பூங்காவில் பொதுமக்களுக்கான மீனகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி கோஸ் வெளியிட்ட நூல் ‘அக்குவேரியம்’ என்னும் சொல்லை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. வரவேற்பறையில் தொட்டி வைப்பது பிரித்தானிய நடுத்தர வகுப்பின் மோகமாயிற்று. தொட்டியோடு சேர்த்து ‘துலக்கும் உயிரி’ ஒன்றையும் விற்கும் வழக்கம் அக்காலத்திலேயே வேர்கொண்டது.

வாரிங்டன் கண்டது பொய்யன்று. நத்தை பாசியைத் தின்றது மெய்யே. ஆனால் தொட்டியில் மீனைக் கொல்வது கண்ணுக்குத் தெரியும் பாசியன்று. மீனின் செவுள் வழியாகவும் கழிவிலிருந்தும் நீரில் சேரும் அம்மோனியா. 1877இல் பிரான்சில் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் இருவரும் சாக்கடை நீரை மணலினூடே மெல்ல வடியவிட்டு, அதிலிருந்த அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவதைக் கண்டனர். குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றது. ஆகவே அது வெறும் வேதிவினையன்று, நுண்ணுயிர்களின் செயல் என்பது தெளிவாயிற்று. அந்நுண்ணுயிர்களை 1890இல் வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்தார். ஒருவகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்குகிறது. மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. தொட்டியை உண்மையில் துலக்குபவை மணலிலும் வடிகட்டிப் பஞ்சிலும் குடியேறும் இவையே. புதிய தொட்டியில் இவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும்.

இந்த ஒரு செய்தி கடை மேசையை எட்டியிருந்தால், அங்கு வழங்கப்படும் அறிவுரைகளில் பாதி மாறியிருக்கும். தொட்டியும் மீனும் ஒரே மாலையில் விற்கப்படுகின்றன. மூன்றாம் நாள் மீன் மிதந்தால், நீர் முழுவதையும் மாற்றி, கூழாங்கற்களையும் பஞ்சையும் குழாயடியில் நன்கு அலசும்படி சொல்லப்படுகிறது. திருவனந்தபுரத்தில் அந்தக் குழாய்நீர், கரமனை ஆற்றின் அருவிக்கரையிலிருந்து குளோரின் கலந்து வருவது. அரும்பத் தொடங்கிய நுண்ணுயிர்களையும் அது அழித்துவிடும். அடுத்த வாரம் வாங்குபவர் மீண்டும் கடைக்கு வருவார். மீண்டும் மீன்கள் விற்கும். இதைச் சூழ்ச்சி என்று கொள்வது மிகை. அறியாமைக்கும் ஆதாயத்துக்கும் இடையே முரண்பாடு இல்லாத இடத்தில் அறியாமை நெடுநாள் வாழும் என்பதே பொருத்தம்.

இனி, பெயர் தாங்கிய மீனுக்கு வருவோம். தெற்கு அமெரிக்காவின் அமேசான், ஒரினோக்கோ ஆற்றுப் படுகைகளுக்கு உரிய டெரிகோப்லிக்திஸ் பேரினத்தைச் சேர்ந்தது அது. சிறு பருவத்தில் பாசியை ஆர்வத்தோடு மேயும். பின்னர் ஓரடியைத் தாண்டி, ஒன்றரை அடி வரையிலும் வளரும். தான் தின்ற பாசியைவிட மிகுதியான கழிவைத் தொட்டிக்குள் விடும். இரண்டடித் தொட்டியில் அது திரும்பக்கூட இடமிராது. கொல்ல மனம் வராத வீட்டார், இரக்கத்தோடு அதை அருகிலுள்ள ஓடையில் விட்டுவிடுகின்றனர். இவ்வரலாற்றில் மிகப் பெருங்கேடு விளைவிப்பது அந்த இரக்கமே என்று கூறலாம்.

திருவனந்தபுரத்தின் ஓடைகள் இத்தகைய விருந்தாளிக்கென்றே அமைந்தவை போன்றவை. ஆமையிழஞ்சான் தோடு, தம்பானூரின் நெரிசலுக்கு அடியில் புகுந்து, கண்ணம்மூலை வழியே ஆக்குளம் காயலை அடைகிறது. நகரின் கழிவு கலந்து உயிர்வளி குன்றிய இத்தகைய நீரில் உள்நாட்டு மீன்கள் பல திணறும். சக்கர் மீனோ மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கி, இரைப்பையாலேயே சுவாசிக்க வல்லது. எலும்புத் தகடுகள் உடலைக் கவசமாக மூடுவதால் அதைத் தின்னும் உயிரிகளும் சில. கரைகளில் வளை தோண்டி முட்டையிட்டுக் காவல் காக்கும். அவ்வளைகளால் கரை சரிவதும் உண்டு.

கேரளத்து வண்ணமீன்கள் வளர்ப்புயிர் நிலையிலிருந்து தொல்லையுயிராக மாறுவதை, 2009இல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் ஆய்வாளர் குழு ஒன்று எடுத்துரைத்தது. 2015இல் அ. பிஜுகுமார் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு, திருவனந்தபுரம் நகர வடிகால்களில் இம்மீன்கள் நிலைபெற்றுவிட்டதை உடலமைப்பு, மரபணு ஆகிய இரு சான்றுகளாலும் உறுதிசெய்தது. இதன் விளைவு எதுவரை செல்லும் என்பதை மெக்சிகோவின் இன்ஃபியர்னில்யோ அணைத்தேக்கம் காட்டிற்று. திலாப்பியா மீன்பிடிப்பால் செழித்திருந்த அந்நீர்த்தேக்கத்தில், மீனவரின் வலைகளில் விலைபோகாத இம்மீன்களே நிறைந்தன. முள்துடுப்புகளால் வலைகளும் கிழிந்தன.

இதே வணிகத்தின் மறுபக்கமும் திருவிதாங்கூருக்கு உரியது. 1865இல் பிரான்சிஸ் டே, முண்டக்கயத்து மலைநீரில் கிடைத்த செங்கோட்டு மீன் ஒன்றை விவரித்து, அன்றைய சென்னை ஆளுநர் டெனிசனின் பெயரை அதற்குச் சூட்டினார். ‘மிஸ் கேரளா’ என்னும் பெயரில் அம்மீன் 1997இல் சிங்கப்பூரின் அக்குவாராமா கண்காட்சியில் பரிசு பெற்றது. அதன்பின் ஆறுகளிலிருந்து பெருமளவில் வாரி ஏற்றுமதி செய்யப்பட்டு, இன்று அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. வெளியே போனது மலையாற்றின் மீன்; உள்ளே வந்தது அமேசானின் மீன். இவ்விரண்டிலும் மீனுக்கு இட்ட வணிகப் பெயர் வேலை செய்திருக்கிறது.

சட்டம் இதில் தலையிட முயலாமலில்லை. 2017 மே மாதத்தில் மீன்தொட்டிக் கடைகளுக்கென ஒன்றிய அரசு விதிகளை அறிவித்தது. வண்ணமீன் வளர்ப்போரும் வணிகரும் எதிர்த்தனர்; விதிகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. அவ்வெதிர்ப்பில் நியாயமும் இருந்தது. சென்னைக் கொளத்தூரைப் போன்ற இடங்களில் இத்தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் பல. ஆனால் விதிகளோடு, கடையில் சொல்லப்படுவதற்குக் கடைக்காரர் பொறுப்பாவாரா என்ற கேள்வியும் சேர்ந்தே கைவிடப்பட்டது. வங்கதேசம் 2023இல் சக்கர் மீனையே தடைசெய்தது.

திருவனந்தபுர ஆய்வு தன் தலைப்பில் இம்மீன்களுக்கு ஒரே இனப்பெயரை இடவில்லை. பேரினத்தின் பெயரை மட்டும் எழுதி, இனத்தைப் பன்மையில் திறந்தே விட்டிருக்கிறது. இப்பேரினத்தின் மீன்கள் தம்முள் கலப்பதால், வயிற்றுப்புறக் கோலங்களைக் கொண்டு இனத்தை அறுதியிட்டுக் கூறுவது கடினம். கடை மேசையில் மட்டும் அதற்கு எந்தத் தயக்கமும் இல்லாத ஒரு பெயர் இன்றும் இருக்கிறது.