மரக்காலும் விளக்கும்

மத்தேயு நற்செய்தியில் விளக்கைப் பற்றி வரும் உவமையில் ஒரு மரக்கால் இருக்கிறது. கொளுத்திய விளக்கை யாரும் அதற்கு அடியில் ஒளித்து வைப்பதில்லை என்பது சேதி. கிரேக்க மூலத்திலும் அது தானியம் அளக்கிற பாத்திரம்தான். தமிழில் சரியான சொல்லைத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் பிரசங்கத்தில் கேட்கிற எங்கள் சனங்களுக்கு மரக்கால் என்றால் வேறு ஞாபகம். "ஆண்டைக்கு ரெண்டு மரக்கா. வாங்குறதுக்கு ஒண்ணு, குடுக்குறதுக்கு ஒண்ணு" என்று என் ஆயா சொல்லும். கூலி நெல்லைக் குறைத்து அளந்த பாத்திரம் வெளிச்சத்தையும் மூடும் என்பதில் ஆயாவுக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. இந்த இடத்தில் நின்று எந்தச் சாமியாரும் விளக்கம் சொல்லி நான் கேட்டதில்லை. ஆன்மாவின் இருள் என்று தாண்டிப் போய்விடுவார்கள்.

கிறிஸ்து உலகின் ஒளி, ஒளி எல்லோருக்கும் பொது. சரி. விளக்கு யார் கையில் இருந்தது?

4ஆம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குப் போன எகேரியா என்கிற பெண் தன் பயணத்தை எழுதி வைத்திருக்கிறார். மாலை வழிபாட்டுக்கு வெளியிலிருந்து நெருப்புக் கொண்டுவருவதில்லை. இயேசுவின் கல்லறைக் குகைக்குள் இரவும் பகலும் எரியும் விளக்கிலிருந்துதான் வெளிச்சம் வரும் என்கிறார். புதைத்த இடத்திலிருந்து புறப்படுகிற வெளிச்சம். பகலில் எதற்கு மெழுகுதிரி, இது பிற மதத்தார் வழக்கமாச்சே என்று விஜிலான்சியுஸ் கேட்டபோது, 406இல் புனித எரோணிமுஸ் கோபமாகப் பதில் எழுதினார்: நற்செய்தி வாசிக்கும்போது ஏற்றுவது இருட்டை விரட்ட அல்ல, மகிழ்ச்சியைக் காட்ட. அந்த மகிழ்ச்சியில் யாருக்குப் பங்கு என்பது அன்று கேள்வியாகவில்லை.

இன்று பாஸ்கா இரவில் பெரிய திரியிலிருந்து ஆளுக்கு ஆள் தீ பற்றவைத்துக்கொள்வது ஆதிகாலத்திலிருந்து அப்படியே வருகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லை. பல நூற்றாண்டுகளாக அந்தச் சடங்கு பெரிய சனிக்கிழமை காலையிலேயே, நல்ல வெயிலில் நடந்து முடிந்தது. புது நெருப்பை முக்கிளைத் திரியில் ஏந்தி வந்தவர் தியாக்கோன். பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1951இல் சோதனையாக அதை இரவுக்கு மாற்றியபோதுதான் சனங்களின் கைக்கும் திரி வந்தது. 1956இலிருந்து எல்லாக் கோயிலுக்கும் அதுவே முறை. அதாவது, சாதாரண விசுவாசியின் கைக்கு அந்த வெளிச்சம் வந்து ஒரு நூற்றாண்டுகூட ஆகவில்லை.

கை என்றால் எந்தக் கை? நெல்லைப் பக்கம் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டிய கோயிலுக்கு இரண்டு கூடங்கள். ஒன்று வெள்ளாளருக்கு, மற்றது நாடார் முதலானவர்களுக்கு. நடுவே சுவர். பீடம் மட்டும் ஒன்று. சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மண்டியிட்டவர்கள் பார்த்தது ஒரே பீடத்து விளக்கைத்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. 1910இல் சுவர் இடிபட்டது. விட்டார்களா? சாதி வழக்கத்தை உரிமையாகக் கேட்டு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனார்கள். மைக்கேல் பிள்ளை வழக்கு என்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. தோற்றார்கள். செங்கல் சுவர் போனது. எத்தனையோ பங்குகளில் சுவரில்லாமலே பக்கம் பிரிந்திருந்ததை எந்தக் கோர்ட்டில் இடிப்பது?

பிறகு வந்தது பண்பாட்டுமயமாக்கல். 1969இல் ரோமாபுரி அனுமதித்த 12 மாற்றங்களில் ஒன்று, மெழுகுதிரிக்குப் பதில் எண்ணெய் விளக்கு. ஆரத்தியும் வந்தது. பீடத்தருகே குத்துவிளக்கு ஏறியது. இந்தியப் பண்பாடு என்றார்கள். யார் வீட்டுப் பண்பாடு? எங்கள் சேரியில் சிம்னி விளக்குத்தான். ஐந்து முகப் பித்தளை விளக்கு மேல்சாதி வீட்டுப் பூஜையறையிலிருந்து வந்தது. அந்த 12இல் பறை இல்லை. அதைச் சாவு மேளம் என்று ஒதுக்கி வைத்தவர்களின் ரசனையைக் கோயிலும் அப்படியே வாங்கிக்கொண்டது என்றுதான் நான் சொல்வேன். வெள்ளைக்காரன் மெழுகுதிரியிடமாவது அந்தத் தீட்டு வாடை இல்லை.

எங்கள் பங்குத் திருவிழாவில் சப்பரம் புறப்படும்போது பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமந்து முன்னால் போனவர்கள் எங்கள் தெரு ஆட்கள். சூட்டில் தலைமயிர் கருகும். சும்மாட்டுத் துணியை நனைத்துக்கொள்வார்கள். ஊர்த் தெரு நாலும் வெளிச்சமாகச் சுற்றி வரும். சேரி முனைக்கு வந்ததும் சப்பரம் திரும்பிவிடும். விளக்கை இறக்கி வைத்துவிட்டு, சுமந்தவர்கள் இருட்டில் வீட்டுக்கு நடந்து வருவார்கள். அப்புறம் ஜெனரேட்டர் வந்தது, சீரியல் பல்பு வந்தது. தலைச்சுமை போச்சு. சப்பரம் திரும்புகிற இடம் மட்டும் அதே முனைதான்.